பவளத்தின் இருபதாவது பரிசு

ஜனவரி 17, வியாழன். காணும் பொங்கல்.

இன்றும் பவளத்துக்குத்தான் முதல் பரிசு. இது பதினெட்டாவது. என் வீட்டுக்காரர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாலையும் கழுத்துமாக வேனில் வந்து இறங்கினார். ஓடியது குதிரை, ஓட்டியது ஆறுச்சாமி, மாலை மட்டும் இவருக்கு. நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

பெட்டைக் குதிரையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் யாரும் இருபது முதல் பரிசு வாங்கியதில்லையாம். இன்னும் இரண்டு வாங்கிவிட்டால் பேப்பரில் போடுவார்களாம். படம் இவருடையதாகத்தான் இருக்கும்.

விடியும் முன் வாய்க்கால் மேட்டில் வண்டி பூட்டி அதற்கு நடை பழக்குவது நான். ஏழு வருடமாகப் பழக்குகிறேன். ஊருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்ளும். பந்தயத்தன்று நான் ரோட்டுப் பக்கம் போகக் கூடாது. பொம்பளை நின்றால் ஆகாதாம். ஓடுகிறதே அது யாராம்?

இந்தப் பந்தயத்தில் குதிரை பாயக் கூடாது. எவ்வளவு வேகமானாலும் நடைதான். நாலு காலையும் தூக்கிப் பாய்ச்சல் எடுத்துவிட்டால் பைக்கில் கூடவே வருகிற கமிட்டிக்காரர்கள் கொடியைக் காட்டிக் கழித்துவிடுவார்கள். சாட்டை விழும், பக்கத்து வண்டி உரசும், ஜனம் விசில் அடிக்கும், அப்போதும் நடை கலையக் கூடாது. இதை ஒரு குதிரைக்குச் சொல்லிக்கொடுக்க ஆறுச்சாமியால் ஆகாது, இவரால் சுத்தமாக ஆகாது. எனக்குக் கஷ்டமாக இல்லை. நானும் இந்த வீட்டில் அப்படித்தான் இருக்கிறேன்.

ஜனவரி 18, வெள்ளி.

கோப்பைகளைத் துடைத்தேன். வைக்க இடமில்லை. ஒன்றில் கோலமாவு கொட்டி வைத்திருக்கிறேன். இவர் இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, ஞாயிறு.

பவளத்துக்கு எண்ணெய் வைத்துப் பிடரி மயிரைப் பின்னிவிட்டேன். வாரம் ஒரு தடவை இதைச் செய்யாவிட்டால் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் அதற்கு இரண்டு சுழி இருக்கிறது, எதிரும் புதிருமாக. பாடைச் சுழி என்பார்கள். அந்தச் சுழி உள்ள குதிரையோ மாடோ நிற்கிற வீட்டில் பாடை கட்டுவார்கள் என்று பேச்சு. அதனால்தான் அந்தியூர்ச் சந்தையில் அந்தக் குட்டியை ஒருவரும் சீண்டவில்லை. அது நடந்த நடையைப் பார்த்து நான் அங்கேயே நின்றுவிட்டேன். இவரைச் சம்மதிக்க வைத்து ஓட்டிவந்தோம். சுழியைப் பின்னலுக்குள் மறைத்தது என் யோசனை. என்னையும் இவரையும் ஆறுச்சாமியையும் தவிர யாருக்கும் தெரியாது. அத்தைக்குக் கட்டாயம் தெரியக் கூடாது.

அத்தைக்கு என் நட்சத்திரமே போதும். நான் மூலம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது. மாமா இறந்தது போன வருடத்துக்கு முந்தைய வருடம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து, எழுபத்தாறு வயதில், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வைத்துக்கொண்டு, மருத்துவர் வேண்டாம் என்ற மைசூர்பாகைத் தின்றுகொண்டே செத்தார். என் நட்சத்திரம் அத்தனை வருடம் பொறுமையாகக் காத்திருந்து கொன்றதாம். அன்றிலிருந்து அத்தை என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. நான் டம்ளரைத் தரையில் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். கோயமுத்தூர் விடுதியிலிருந்து மகள் வந்தால் மட்டும் இந்த நாடகம் கொஞ்சம் அடங்கும்.

தொழுவத்தில் பவளம் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும்போது நினைத்துக்கொள்வேன். இந்த வீட்டில் என்னைத் தொடுகிற ஜீவன் இது ஒன்றுதான்.

மார்ச் 3, ஞாயிறு.

பத்தொன்பது.

போனில் நேரலையாகப் பார்த்தேன். கடைசி மைலில் இரண்டு ஆண் குதிரைகள் இரு பக்கமும் நெருக்கின. ஒன்று பாய்ச்சல் எடுத்துக் கழிந்தது. பவளம் காதைக்கூடத் திருப்பவில்லை. மைக்கில், "குழந்தைவேலுக் கவுண்டர் குதிரை, குழந்தைவேலுக் கவுண்டர் குதிரை" என்று இவர் பெயரையே தொண்டை கிழியக் கத்தினார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை. அத்தை கவனித்தார். அதுவும் மூலத்தின் வேலைதான்.

மார்ச் 11, திங்கள்.

தேர்தல் தேதி சொல்லிவிட்டார்கள். இனி ஜூன் வரை பந்தயத்துக்கு அனுமதி கிடைக்காது. பவளத்துக்கு ஓய்வு நல்லதுதான்.

மார்ச் 27, புதன்.

சாப்பிடும்போது சொல்கிறார், குதிரையை விற்கப் போகிறாராம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் வைரக்கண்ணு என்று ஒருவர், மூன்று பந்தயமாகப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் தீவனக் கடைக்கு ஒரு லாரியே வாங்கிவிடலாமாம்.

"இருபதையும் வாங்கிப்போட்டு வித்தா என்னங்க?" என்றேன்.

"அதுக்குள்ள கால் ஒடிஞ்சு கெடந்துச்சுன்னா? வெல இருக்கறப்பவே தாட்டி உட்ரோணும். உனக்கென்ன தெரியும் ஏவாரம்?"

"நான் பழக்கினதுங்க அது."

"அதுக்கு? பாலக் கறக்கறவ எல்லாம் மாட்டுக்குச் சொந்தக்காரியா?"

மோரை ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு நெஞ்சு வலிக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு.

வைரக்கண்ணு வந்தார், மனைவியோடு. தங்கக் கைக்கடிகாரம், வாய் நிறைய வெற்றிலை. பவளத்தை நடக்கவிட்டுப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பின்னல் நேர்த்தியாக இருக்கிறதென்று பாராட்டினார். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். விலை முடிந்தது. தேர்தல் பறக்கும் படை ரோட்டில் நிற்பதால் பணம் எடுத்துவரவில்லையாம். அடுத்த ஞாயிறு, சித்திரை ஒன்றாம் தேதி, ஆள் மூலம் முன்பணம் வரும் என்று கையடித்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா நல்ல மாதிரி. பெயர் இந்திராணி. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கருவேப்பிலை பறிக்க வந்தவர் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க்கா, குதிரை ராசியானதுதானே? எங்க வீட்ல சுழி பாக்காம கன்னுக்குட்டிகூடக் கட்ட மாட்டாங்க. ஒங்க வீட்டுக்காரரு எல்லாம் சுத்தம்னு சொல்லிட்டாரு. ஒரு பொம்பளை சொன்னா மனசு நிம்மதியா இருக்கும்."

அவரே கேட்டார். நானாகப் போய்ச் சொல்லவில்லை.

"பின்னலப் பிரிச்சுப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றேன்.

பிரித்துப் பார்க்க நேரம் இருந்தது. ஆண்கள் உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தார். பதறிக் கையை எடுத்துவிட்டார். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் காரில் ஏறினார். எனக்கு வருகிற சிரிப்பை அடக்க முடியவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு இவருக்குப் பிடித்த பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு. சித்திரை ஒன்று.

முன்பணம் வரவில்லை, போன்தான் வந்தது. பாடைச் சுழிக் குதிரையை ஏமாற்றி விற்கப் பார்த்தாயா என்று வைரக்கண்ணு சத்தம் போட்டது இவர் காதைத் தாண்டி எனக்கே கேட்டது. இவர் முகம் செத்துப்போனது.

"யாருடா சொன்னது? அவனேதான். அந்த ஆறுச்சாமி நாயேதான். மூணு பேருக்குத்தான தெரியும்?"

மூன்று பேரில் நானும் ஒருத்தி என்பது இவர் கணக்கில் வரவில்லை. சந்தேகப்படுவதற்குக்கூட நான் லாயக்கில்லை.

ஆறுச்சாமி பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். வேறு ஓட்டி உடனே கிடைக்காது, அதனால் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஆக, பவளம் இங்கேயேதான். வடையும் பாயசமும் செய்தேன். வேப்பம்பூ ரசம் கசப்பு கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 16, செவ்வாய்.

அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெருவுக்கே தெரிந்தால் அத்தைக்குத் தெரியாமலா இருக்கும்? நேராகத் தொழுவத்துக்குப் போனார். பின்னலைப் பிரிக்கச் சொன்னார். பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ற ராசாவக் கொண்டுபோனது இந்தச் சனியனா! கூடவே கட்டி வெச்சுத் தீனி போட்டமே!"

மாமா இறந்தபோது பவளம் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதன் சுழியும் என் நட்சத்திரத்தைப் போலப் பொறுமைசாலிதான் போலிருக்கிறது.

சாயங்காலம் நான் வழக்கம்போல டம்ளரைத் தரையில் வைத்தேன். அத்தை, "கையிலயே குடு கண்ணு" என்றார். கையை நீட்டினார். கொடுத்தேன். "உன்னய வீணாப் பேசிப்போட்டேன் வசந்தா. மனசுல வெச்சுக்காத" என்றார். இரண்டு வருடம். சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை. சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு.

அத்தை எனக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்ற மருமவ தங்கம், ஒரு வார்த்தை எதுத்துப் பேசாது" என்று சொன்னது காதில் விழுந்தது. வாய்க்கால் மேட்டுக்கு இன்று போகவில்லை. தலைவலி.

மே 2, வியாழன்.

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை, ஒரு மாதம் படுக்கை. சோப்பு நுரையைக் கழுவிவிடாமல் வந்தது இவர். ஆனால் ஊரே தொழுவத்தைத்தான் பார்க்கிறது. பவளம் பாட்டுக்குக் கொள்ளு தின்றுகொண்டு நிற்கிறது.

மே 9, வியாழன்.

சுழியைச் சுட்டு அழித்துவிடுவதாக முடிவு. அத்தை படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டுவிட்டார். சுட்டு அழித்தால் தோஷம் போய்விடுமாம், பிறகு விலைக்கும் போகுமாம். இவருக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது.

ஆறுச்சாமி மட்டும் குறுக்கே பேசினான். "வேண்டாமுங்க. சேணம் உக்கார்ற எடமுங்க அது. புண்ணு ஆறுனாலும் தோலு எளசாத்தான் இருக்கும். வண்டி பூட்டுனா ஒரசும். நடை கலைஞ்சு போயிருமுங்க."

"சொல்லிக் குடுத்தவனே வந்து வைத்தியமும் சொல்றான் பாரு" என்றார் இவர்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லியிருந்தால் ஒருவேளை இவர் யோசித்திருப்பார். அத்தை ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று வரும். அப்புறம் என் நட்சத்திரம் மறுபடியும் தெருவுக்கு வரும். பெரியவர்கள் சொல்லும்போது நடுவில் நான் என்ன பேசுவது?

மே 12, ஞாயிறு.

சூடு வைக்கிற ஆள் மூலனூரிலிருந்து வந்தார். இரண்டு பேர் பிடித்தும் பவளம் நிற்கவில்லை. "அம்மிணி, நீங்க வந்து கவுத்தப் புடிங்க, உங்ககிட்டத்தான் நிக்குது" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

இரண்டு சுழிக்கு இரண்டு சூடு.

கத்தவில்லை. என் தோளை மட்டும் கடித்தது. ரத்தம் கட்டியிருக்கிறது. மஞ்சள் பூசியிருக்கிறேன்.

மே 13, திங்கள்.

அரிசி ஊறப் போட்டேன், ஆட்டினேன். அத்தைக்குத் தைலம் தேய்த்தேன். பவளம் என்னைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. வெயில் அந்தப் பக்கமாக அடித்திருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு.

புண் மேலாக ஆறிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் பந்தயம், இருபதாவது பரிசு. இவர் நோட்டீஸில் பெரிய எழுத்தில் பெயர் போடச் சொல்லியிருக்கிறார். வாய்க்கால் மேட்டில் வண்டி பூட்டினேன். பாதி தூரம் போனதும் முதுகை நெளித்தது. சேணத்துக்கு அடியில் பழைய வேட்டியை எட்டாக மடித்து வைத்துப் பார்த்தேன். அப்போதும் நெளித்தது. இன்னும் ஒரு மாதம் விட வேண்டும் என்று இவரிடம் சொன்னேன்.

"வெல ஏறோணும்னா இருபது வேணும். ஊரே சுழி சுழிங்குது. ஜெயிச்சுக் காட்டுனாத்தான் வாயடைக்கும்."

முன்பு இருபது வேண்டாம் என்றவர் இவர்தான். நான் அதை நினைவுபடுத்தவில்லை.

ஜூன் 23, ஞாயிறு.

போனில் பார்த்தேன்.

திரும்புகிற கொடி வரைக்கும் பவளம்தான் முன்னால். திரும்பி வரும்போது முதுகு நெளிவது சின்னத் திரையிலேயே எனக்குத் தெரிந்தது. ஆறுச்சாமி சாட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பிடித்துப் பேசிக்கொண்டே வந்தான். வாயசைவு தெரிந்தது. நான் அதனிடம் சொல்கிற வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், மெல்லத் தாயி, மெல்லத் தாயி. கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பவளம் நாலு காலையும் தூக்கிவிட்டது. பாய்ச்சல். ஏழு வருடத்தில் முதல் தடவை. கொடி காட்டிவிட்டார்கள்.

கழிந்த பிறகும் அது நிற்கவில்லை. முதுகில் இருப்பதை உதறிவிட்டு ஓடிவிட நினைக்கிற மாதிரி பாய்ந்துகொண்டே இருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 24, திங்கள்.

நேற்று பந்தய ரோட்டிலேயே இவர் ஆறுச்சாமியைச் செருப்பால் அடித்திருக்கிறார். வைரக்கண்ணுவிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே பாய்ச்சல் விட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சுழியைச் சொன்னவன்தான் இதையும் செய்திருப்பான், ஒன்றுக்கொன்று பொருந்துகிறது பாருங்கள் என்கிறார். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். பொருந்தத்தான் செய்கிறது.

சேணத்தைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. பஞ்சு போதவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி.

அந்தியூர்ச் சந்தை. பவளத்தை விற்றாகிவிட்டது. வந்த விலைக்கு ஒரு தரகன் வாங்கிக்கொண்டானாம். லாரி வாங்குகிற பேச்செல்லாம் போய்விட்டது, கடைக்குத் தகரக் கூரை மாற்றலாமாம்.

காலையில் வேனில் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டார்கள். நான் அத்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வர முடியாது என்று சொல்லச் சொன்னேன். பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது. அத்தை, "போச்சு தரித்திரம்" என்றார். தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி.

விடியும் முன் விழிப்பு வந்துவிட்டது. எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு தொழுவம் வரை போய்விட்டேன். பிறகு அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு.

தரகன் வாங்கியது வைரக்கண்ணுவுக்காகவாம். பவளம் ஒரத்தநாட்டில் இருக்கிறது. நல்ல வைத்தியர் வைத்துப் புண்ணை ஆற்றி, அந்த இடத்தைத் தொடாதபடி புதுச் சேணம் தைத்து, தென்னந்தோப்பில் மணல் கொட்டி நடை பழக்குகிறார்களாம். கேட்டதிலிருந்து இவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். "பாத்தியா, பாத்தியா, நான் சொல்லல? அவனும் ஆறுச்சாமியும் கூட்டு. வெலையக் கொறைக்கறதுக்குத்தான் எல்லாமே." பந்தயக் கமிட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு.

இவர் கடைக்குப் போன பிறகு ஆறுச்சாமி பொடக்காலிப் பக்கமாக வந்தான். இளைத்துவிட்டான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அக்காங், ஒரத்தநாடு போயிருந்தனுங்க. அந்தம்மா காலுல உழுந்து கேட்டனுங்க, யார் சொன்னதுன்னு. சொல்லிப்போட்டாங்க."

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களக் கொற சொல்லலீங்க. பவளம் போயிரக் கூடாதுன்னு சொல்லிருப்பீங்க. எனக்குத் தெரியாதுங்களா? ஆனா பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிப்போச்சுங்க. அடுத்த வாரம் கமிட்டி கூடுதுங்க. ஒரு வார்த்தை, 'ஆறுச்சாமி சொல்லல, எனக்குத் தெரியும்' அப்படின்னு மட்டும் சொல்லிப்போடுங்க. நீங்கதான்னு சொல்ல வேண்டாமுங்க. உங்களுக்கு இந்த வீடு இருக்குது. எனக்கு வண்டிய உட்டா என்னங்க தெரியும்?"

"அந்தம்மா பொய் சொல்லுது" என்றேன்.

"பவளம் நல்லாருக்குதுங்க. என்னயப் பாத்ததும் கனைச்சுச்சுங்க" என்றான். போய்விட்டான்.

சட்டைக் காலரில் அழுக்கு போகவே இல்லை. இரண்டு தடவை தேய்த்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு.

கமிட்டி நம் வீட்டிலேயே கூடியது. ஐந்து பேர் வந்தார்கள். ஆறுச்சாமி வாசலில் நின்றான். சேர் போடச் சொன்னேன், அவன் உட்காரவில்லை.

இவர் பேசினார். அவன் இல்லை இல்லை என்றான். நான் சொல்லவில்லை என்றானே ஒழிய, யார் சொன்னது என்று வாயைத் திறக்கவில்லை. கமிட்டித் தலைவர் முறுவலித்துக்கொண்டே, "மூணு பேருக்குத்தான் தெரியும்ங்கறீங்க. வீட்டம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம். ஏம்மா, உங்களுக்கு எதும் தெரியுமுங்களா?" என்றார். சும்மா ஒரு முறைக்குத்தான் கேட்டார்.

நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தார். "என்ற மருமவ பொய் சொல்லாதுங்க. கேளுங்க" என்று என் முதுகில் கை வைத்தார்.

"அவனாத்தான் இருக்குமுங்க" என்றேன்.

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். இனி எந்த ஊர்ப் பந்தயத்திலும் அவனை வண்டியில் ஏற்றுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று ஒருவர் சொன்னார். கொண்டுவந்து போட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு.

ஆறுச்சாமி குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டானாம், சாயப்பட்டறைக்கு. நல்லதுதான். அங்கே கூலி அதிகம்.

அக்டோபர் 13, ஞாயிறு.

தஞ்சாவூர்ப் பக்கம் பந்தயம். வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று இவர் சொல்லியிருந்தார். பிறகு அவரே போனைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் அத்தையும் பின்னால் நின்று பார்த்தோம்.

பவளம் வந்தது. வேறு ஓட்டி, வேறு வண்டி, பிடரியைப் பின்னாமல் விட்டிருந்தார்கள். மறைக்க ஒன்றும் இல்லையே. மயிர் காற்றில் பறந்தது. அது அப்படிப் பறந்து நான் பார்த்ததே இல்லை. கடைசி மைலில் ஒரு குதிரைகூடப் பக்கத்தில் இல்லை. நடை கலையவில்லை. முன்காலும் பின்காலும் நான் பழக்கிய அதே தாளத்தில் விழுந்தன. கோடு தாண்டியதும் மைக்கில், "இருபது! பெட்டைக் குதிரைக்கு இருபது முதல் பரிசு! வைரக்கண்ணு குதிரை!" என்று அலறினார்கள். வைரக்கண்ணு கழுத்தில் மாலை.

என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். அத்தைதான் சமாளித்தார்: "வளத்த பாசம்டா. பச்ச மண்ணு அவ."

"குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்" என்று இவர் போனை அணைத்தார். "சொன்னவன் நல்லா இருப்பானா? அவன் குடும்பம் வெளங்குமா?" மண்ணை வாரித் தூற்றுகிற மாதிரி நாலு வார்த்தை சொன்னார். அத்தையும் சேர்ந்து சொன்னார். நான் தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

அக்டோபர் 24, வியாழன்.

கூரியரில் ஒரு பார்சல், என் பெயருக்கு. பட்டுச் சேலை. மாம்பழ நிறம், அரக்குக் கரை. யாரிடமிருந்து என்று புரியாமல் நின்றபோது போன் வந்தது. இந்திராணி அம்மா.

"அக்கா, சேலை வந்துதா? தீபாவளிக்குக் கட்டிக்கணும், சொல்லிட்டேன். பவளம் எங்களுக்கு அள்ளிக் குடுத்துட்டா. அன்னிக்கு நீங்க மட்டும் வாயத் தொறக்கலன்னா அவ்வளவு பணத்தையும் கொட்டிக் குடுத்துருப்பாரு. இப்ப கால்வாசிகூட ஆவலை. சுழிய நீங்களே சுட்டும் குடுத்துட்டீங்களா, எங்க ஜோசியரு தோசமே இல்லன்னுட்டாரு. எல்லாம் ஒங்க நல்ல மனசுக்கா."

நல்லது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

"ஆரு கண்ணு அனுப்புனது?" என்றார் அத்தை.

"எங்கண்ணனுங்க, தீபாவளிச் சீரு" என்றேன்.

என் அண்ணன் இருபது வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட அனுப்பியதில்லை. அத்தை அதை யோசிக்கவில்லை. சேலையை விரித்து முந்தானையைத் தடவிப் பார்த்து, "கவுரவமான சேலை" என்றார்.

அக்டோபர் 27, ஞாயிறு. தீபாவளி.

மகள் வந்திருக்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பழைய சேலை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அத்தை அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, பட்டுச் சேலையைத் தன் கையாலேயே எனக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார். குங்குமம் வைத்தார். எதிரில் நிறுத்திப் பார்த்துத் திருஷ்டி கழித்தார்.

இவரும் பார்த்தார். கலர் உனக்கு நன்றாகப் பொருந்துகிறது, உன் அண்ணனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்றார். மகள் போட்டோ எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள், சிரித்தேன். சேலை நாள் முழுக்க உடம்பில் இருந்தது.